டப்பாவில் இல்லாத தெம்பு

லாயத்துச் சுவரில் ஒரு மாடம். அதில் இரண்டு டப்பாக்களும் ஒரு பாட்டிலும் வரிசையாக நிற்கின்றன. முதல் டப்பாவில் பாய்ந்தோடும் கறுப்புக் குதிரையின் படம். இரண்டாவதில் கண்ணாடி போல் பளபளக்கும் குளம்பு. பாட்டிலில் ரத்தச் சிவப்பில் டானிக். மூன்றும் சேர்ந்து விழுங்கிய பணத்துக்கு மூன்று வாரப் புல் வாங்கியிருக்கலாம். மாடத்துக்கு நேர் கீழே, தலையைத் தொங்கப் போட்டபடி நிற்கிறது பிஜ்லி. பெயருக்கு 'மின்னல்' என்று பொருள். பத்தடி தள்ளி நின்றே அதன் விலா எலும்புகளை எண்ணிவிடலாம்.

மகாராஷ்டிரத்தில், மும்பைக்காரர்கள் வார விடுமுறைக்கு ஓடி வரும் மாதேரான் மலை. 1850-ல் தாணே கலெக்டர் ஹ்யூ மாலெட் கண்டறிந்த இந்த மலைவாசஸ்தலத்தில் கார்கள் தஸ்தூரி நாக்காவைத் தாண்ட முடியாது. பல தலைமுறைகளாக அதற்கு மேல் நடை, கைரிக்‌ஷா, குதிரை. இல்லையென்றால் 1907-ல் ஓடத் தொடங்கிய பொம்மை ரயில். 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அனுமதியோடு சோதனை முறையில் பேட்டரி ரிக்‌ஷாக்கள் வந்தன. குதிரைக்காரர்களின் நெற்றியில் அன்றிலிருந்து ஒரு சுருக்கம் கூடிவிட்டது.

பிஜ்லியின் சொந்தக்காரருக்கு வயது 60-க்கு மேல். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அவர் 'காகா'. இரண்டு இளம் குதிரைகளை மகன் ஓட்டுகிறான். மூன்றாவதான பிஜ்லி, போன தீபாவளியிலிருந்து சேணம் ஏறவில்லை. பதினாறு வருடம் சுற்றுலாப் பயணிகளைச் சுமந்த குதிரை அது. மகளின் கல்யாணக் கடன், வீட்டுக் கூரை, இப்போது ஓடும் இரண்டு குதிரைகளில் ஒன்று, எல்லாம் அதன் முதுகில் வந்தவை.

மழைக்காலம் முடிந்தபோது பிஜ்லி எலும்பும் தோலுமாகியிருந்தது. தீவனத்தைக் காகா குறைக்கவில்லை. உண்மையில் கூட்டிக்கொண்டே போனார். கோதுமைத் தவிடு ஒரு கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோவானது. தினமும் ஒரு கைப்பிடி வெல்லம் சேர்ந்தது. பிறகு கீழே போய் டானிக் வாங்கி வந்தார். அடுத்த முறை குளம்புப் பொடி, அதற்கும் அடுத்த முறை மூட்டுப் பொடி. குதிரை மட்டும் ஏறவில்லை.

மகன் ஒரு நாள் பேச்சை எடுத்தான். "பாபா, கீழே ஒரு தரகர் கேட்கிறார். கொடுத்துவிடலாமே? ரெண்டு குதிரை சம்பாதித்து மூன்று குதிரை சாப்பிட்டால் எத்தனை நாள் தாங்கும்?"

தரகர் வாங்கும் கிழக் குதிரை எங்கே போகிறது என்று அப்பா கேட்கவில்லை. மகனும் சொல்லவில்லை. இருவருக்கும் தெரியும். ஏதாவது ஒரு வண்டியில் பூட்டப்பட்டு, விழும்வரை இழுக்கும்.

அந்த வாரம்தான் கீழிருந்து கால்நடை மருத்துவர் ஒருவர் மலைக்கு வந்தார். காகாவின் மகள் வயதுதான் இருக்கும். மாடத்தில் இருந்த டப்பாக்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தரையில் குனிந்தார். தீவனத் தொட்டிக்கு அடியில் பச்சையும் பழுப்புமாகச் சில உருண்டைகள் கிடந்தன. மென்று துப்பிய வெற்றிலைச் சக்கை போல. ஒன்றைக் கையில் எடுத்தார்.

"காகா, இது எத்தனை நாளாக விழுகிறது?"

"மழைக்கு முன்னாலிருந்தே, மேடம். சேட்டை பண்ணுகிறது என்று நினைத்தேன்."

அடுத்து மருத்துவர் லத்தியைக் கிளறிப் பார்த்தார். விரல் நீளத்துக்கு முழுசு முழுசாகப் புல், தோல்கூட உடையாத கடலை. "நீங்கள் போட்டதெல்லாம் இங்கே இருக்கிறது. குதிரைக்குள் போகவில்லை," என்றார்.

முதிய குதிரை இளைத்தால் எல்லோரும் முதலில் கேட்பது 'என்ன கொடுக்கலாம்?' என்றுதான். டாங்கா நிறுத்தத்திலும், கல்யாண ஊர்வலக் குதிரையின் லாயத்திலும், பணக்காரர்களின் சவாரிப் பள்ளியிலும் இதே கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, கொடுத்ததை அதனால் மெல்ல முடிகிறதா என்பது.

குதிரையின் பல் மனிதப் பல்லைப் போன்றதல்ல. தாடைக்குள் புதைந்திருக்கும் நீண்ட பல், ஆண்டுக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை மேலே வந்துகொண்டே இருக்கும். புல்லை அரைப்பதில் ஏறக்குறைய அதே அளவு தேயும். இருபத்தைந்து வயதைத் தாண்டும்போது வேரில் இருந்த கையிருப்பு தீரத் தொடங்குகிறது. மேல்தாடை கீழ்தாடையைவிட அகலமானது என்பதால் பற்கள் சமமாகத் தேய்வதில்லை. மேல் பற்களின் வெளி விளிம்பு கத்தியாகிக் கன்னத்தைக் கிழிக்கும். கீழ்ப் பற்களின் உள் விளிம்பு நாக்கைக் கிழிக்கும். வலி பொறுக்காத குதிரை பாதி மென்றதைத் துப்பிவிடும். துப்பாமல் விழுங்கினால் உணவுக்குழாயில் அடைக்கலாம், அல்லது குதிரைகளைக் கொல்லும் வயிற்றுவலியில் முடியலாம்.

பிஜ்லிக்கு இருபது வயது என்பது காகாவின் கணக்கு. மருத்துவர் உதட்டைத் தூக்கி மேல்வரிசையின் ஓர முன்பல்லைப் பார்த்தார். அதில் நீளவாக்கில் ஒரு பள்ளக் கோடு உண்டு. பத்து வயதுவாக்கில் ஈறருகே தோன்றி, இருபதில் பல் முழுவதும் ஓடி, பிறகு மேலிருந்து மறையத் தொடங்கும். பிஜ்லியின் கோட்டில் ஈறையொட்டிக் கால் பங்கு மறைந்துவிட்டது. "இருபத்திரண்டு, இருபத்துமூன்று இருக்கும். தோராயக் கணக்குதான்," என்றார். காகா தலையாட்டினார். விற்றவன் அன்றைக்கு இரண்டு வயதைக் குறைத்துச் சொல்லியிருக்கிறான்.

மயக்க ஊசி போட்டு, வாயைத் திறந்து பிடிக்கும் இரும்புச் சட்டத்தை மாட்டி, டார்ச் அடித்துப் பார்த்ததில் எல்லாம் தெரிந்தது. ஒரு கடைவாய்ப் பல் ஏற்கனவே விழுந்திருந்தது. இன்னொன்று ஆடிக்கொண்டிருந்தது. இடது கன்னத்தின் உள்ளே புண். ஆடிய பல்லைப் பிடுங்கி, கூர்விளிம்புகளை நீண்ட அரத்தால் ராவினார். அதிகம் ராவவில்லை. வயதான பல்லில் மிச்சம் இருப்பதே கொஞ்சம், அதையும் ராவிவிட்டால் அரைக்க ஒன்றும் இருக்காது. இளம் குதிரைக்கு வருடம் ஒருமுறை பல் பார்த்தால் போதும், முதிய குதிரைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று சொல்லிவிட்டு, லத்தியில் கொஞ்சத்தைப் பையில் போட்டுக்கொண்டார். குடற்புழு முட்டை எத்தனை என்று எண்ணிப் பார்த்த பிறகே புழு மருந்து.

பிறகு ஒரு தையல் டேப்பை எடுத்தார். முன்னங்காலுக்குப் பின்னே மார்புச் சுற்றளவு 142 சென்டிமீட்டர். தோள் முனையிலிருந்து பின்தொடையின் முனைவரை நீளம் 138. சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் எடை கிலோவில் கிடைக்கும். சுமார் 234. எடை மேடை இல்லாத மலையில் இந்தக் கணக்குதான் தராசு. சரியான எடை என்பதைவிட, பதினைந்து நாளுக்கு ஒருமுறை அளந்து ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்ப்பதுதான் இதன் பயன். கண்ணால் பார்ப்பதற்கும் ஓர் அளவுகோல் உண்டு. 1983-ல் ஹெனகே என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் வகுத்தது. எலும்புக்கூட்டுக்கு 1, கொழுத்து வழிவதற்கு 9. பிஜ்லிக்கு மருத்துவர் போட்ட மதிப்பெண் 2. இலக்கு 5.

அதற்குப் பிறகுதான் தீவனப் பேச்சு வந்தது. ஒரு குதிரைக்கு நாளொன்றுக்கு அதன் எடையில் சுமார் 2 சதவீதம் உலர் தீவனம் வேண்டும். பிஜ்லிக்கு அது நாலரைக் கிலோவுக்குச் சற்று மேல். அதில் பெரும்பகுதி நார்ச்சத்தாகவே இருக்க வேண்டும். குதிரையின் பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் அந்த நாரைப் புளிக்கவைத்துத்தான் சக்தியைத் தருகின்றன. புல்லைக் குறைத்துத் தானியத்தைக் குவித்தால் அந்த நுண்ணுயிர்கள் குலையும். வயிற்றுவலியும் குளம்பு அழற்சியும் தேடி வரும். பல் போன குதிரைக்கும் இந்த விதி மாறாது. நாரின் உருவத்தை மட்டும் மாற்ற வேண்டும்.

மேல்நாடுகளில் முதிய குதிரைகளுக்கென்றே நாரும் புரதமும் சேர்த்த உருண்டைத் தீவனம் மூட்டையில் விற்கிறார்கள். நீரில் போட்டால் கூழாகிவிடும். மாதேரானில் ஒரு கட்டுப் புல்கூடக் கீழிருந்துதான் ஏறிவர வேண்டும். எனவே காகாவின் லாயத்தில் கிடைப்பதை வைத்தே பட்டியல் போடப்பட்டது. காய்ந்த புல் ஒரு அங்குலத்துக்கு மேல் போகாமல் வெட்டி, தண்ணீரில் நனைத்து இரண்டரைக் கிலோ. லூசர்ன் தழை உலர்த்தி நறுக்கியது ஒரு கிலோ, அதுவும் ஊறவைத்து. தமிழில் இந்தத் தழைக்குப் பெயரே குதிரைமசால். ஊறவைத்து உடைத்த கடலை 400 கிராம். சோயாப் புண்ணாக்கு 200 கிராம். வயதான உடம்பில் முதலில் கரைவது முதுகுத் தசை. அதைக் கட்ட லைசின் என்ற அமினோ அமிலம் தேவை, சோயாவில் அது தாராளம். ஆனால் பச்சை சோயா கூடாது, புரதத்தைச் செரிக்க விடாத பொருள் அதில் இருக்கிறது. சூட்டில் பதப்படுத்திய புண்ணாக்குதான் சரி.

தவிட்டைப் பற்றிப் பேசும்போதுதான் காகாவுக்கு வருத்தம். ஒன்றரைக் கிலோவை 400 கிராமாக்கச் சொன்னார் மருத்துவர். "தவிடுதான் மேடம் லேசாகச் செரிக்கும். என் அப்பாவும் அதைத்தான் போட்டார்." ஈரத் தவிடு பல்லில்லாத வாய்க்கு இதம் என்பது உண்மை. ஆனால் கோதுமைத் தவிட்டில் கால்சியத்தைப்போல ஏறக்குறைய ஒன்பது பத்து மடங்கு பாஸ்பரஸ் இருக்கிறது. மாதக்கணக்கில் அதையே போட்டால், உடம்பு தன் கால்சியத் தேவைக்கு எலும்பைக் கரைக்கத் தொடங்கும். முகத்து எலும்பு மிருதுவாகி வீங்கிப் 'பெருந்தலை' நோய் வரும். குதிரைமசாலில் கால்சியம் அதிகம். அதனால்தான் தவிடு குறைந்த இடத்தில் அது நுழைந்தது. சிறுநீரகம் கெட்ட கிழக் குதிரைக்கு மட்டும் அதைக் கொடுக்கும்முன் யோசிக்க வேண்டும்.

எடை ஏற என்ன வழி? தமிழில் ஒரு பழமொழி: இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு. சொன்னவர்கள் குதிரையை நினைத்துச் சொல்லவில்லை என்றாலும் கணக்கு பொருந்துகிறது. தானியத்தைவிட எண்ணெயில் இரண்டு மடங்குக்கு மேல் சக்தி. மாவுச்சத்து இல்லாததால் குடலையும் கலைக்காது. முதல் நாள் இரண்டு மேசைக்கரண்டி, மூன்று வாரத்தில் 100 மில்லி. அவசரப்பட்டால் லத்தி இளகிவிடும். காகாவின் வீட்டில் ஆளிவிதையும் இருந்தது. பச்சையாக ஊறவைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நன்றாகக் கொதிக்கவைத்த பிறகே போட வேண்டும் என்றார் மருத்துவர். ஊறும்போது அதில் சயனைடு வெளியாகக்கூடும்.

வெல்லத்துக்குத் தடை விழுந்தது. பதினைந்து வயதைத் தாண்டிய குதிரைகளில் சுமார் ஐந்தில் ஒன்றுக்கு மூளையடிச் சுரப்பியில் கோளாறு வருகிறது. கோடையிலும் உதிராத நீண்ட சுருள் ரோமம், ஓயாத தாகம், கரையும் தசை, திடீர்க் குளம்பு அழற்சி ஆகியவை அறிகுறிகள். அப்படிப்பட்ட குதிரைக்குச் சர்க்கரை விஷம்போல. பிஜ்லியின் ரோமம் ஒழுங்காக உதிர்ந்திருக்கிறது, தாகமும் அளவோடுதான். ஆனாலும் இந்த வயதில் தினம் ஒரு கைப்பிடி எதற்கு? மருந்து மறைக்க ஒரு நெல்லிக்காய் அளவு போதும்.

கடைசியாக மாடத்துக்கு வந்தார். பாட்டிலையும் டப்பாக்களையும் ஒவ்வொன்றாக இறக்கி, பின்னால் இருந்த பொடி எழுத்துகளைப் படித்தார்.

சிவப்பு டானிக்கில் இருந்தது இரும்பு. குதிரைக்கு இரும்புக் குறை வருவது அபூர்வம். புல்லிலேயே தேவைக்கு மேல் இருக்கிறது. ரத்தம் குறைந்திருந்தால் புழுவையோ நாள்பட்ட நோயையோ தேட வேண்டும். "இந்த மலையின் செம்மண்ணே இரும்புதான். பிஜ்லி அதைப் புல்லோடு தினமும் தின்கிறது," என்றார். குளம்புப் பொடியில் பயோட்டின். குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்கூட வளராது. பொடியின் பலன் தெரிய ஒன்பது மாதமாவது ஆகும். பிஜ்லியின் குளம்பில் விரிசலே கிடையாது. மூட்டுப் பொடியில் குளுக்கோசமைன். வாய்வழியாகக் கொடுத்து குதிரையின் மூட்டில் நிச்சயப் பலன் கிடைத்ததற்கு வலுவான ஆதாரம் இல்லை. தினம் அரைமணி மெதுவாக நடத்திச் செல்வது செலவில்லாத மூட்டு மருந்து.

இரண்டு டப்பாவிலும் செலினியம் இருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. உடம்புக்குத் தேவையான தாதுதான், ஆனால் தேவைக்கும் நஞ்சுக்கும் இடைவெளி சிறியது. இரண்டு மூன்று பொடிகளைச் சேர்த்துப் போடுபவர்கள் அது கூடிக்கொண்டே போவதைக் கவனிப்பதில்லை. மிஞ்சினால் பிடரியும் வாலும் உதிரும், குளம்பு வெடிக்கும்.

கீழே பால்காரர் வீட்டிலிருந்து மலிவாக மாட்டுத் தீவனம் வாங்கலாமா என்று மகன் கேட்டான். மருத்துவர் குரல் அப்போதுதான் உயர்ந்தது. சில மாட்டுத் தீவனங்களிலும் கோழித் தீவனங்களிலும் மோனென்சின் என்ற மருந்து கலக்கிறார்கள். மாட்டுக்கும் கோழிக்கும் ஆகும். குதிரைக்குக் கொஞ்சம் போனாலே இதயத் தசை செத்துவிடும். மாற்று மருந்து கிடையாது.

அப்படியானால் துணைச் சத்தே வேண்டாமா? ஒன்று வேண்டும் என்றார். குதிரைக்கென்றே தயாரித்த வைட்டமின்-தாதுக் கலவை, அட்டையில் சொன்ன அளவு மட்டும். காய்ந்த புல்லில் வைட்டமின் ஈ அழிந்துவிடுகிறது, எண்ணெய் சேர்க்கும்போது அதன் தேவையும் கூடுகிறது. அதோடு தினம் ஒரு மேசைக்கரண்டி உப்பு, எப்போதும் நல்ல தண்ணீர். இரண்டு வேளைத் தீவனத்தை நான்கு வேளையாக்க வேண்டும். இளம் குதிரைகள் தொட்டியைப் பறிக்காதபடி தனியாக வைக்க வேண்டும். எந்த மாற்றமும் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான்.

கணக்குப் போட்டுப் பார்த்ததில் மகனுக்கே ஆச்சரியம். டானிக், பொடிகள், வெல்லம், குறைந்த தவிடு ஆகியவற்றில் மிச்சமான பணம் சோயா, எண்ணெய், குதிரைமசால் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஈடானது. கூடுதலாகச் செலவாவது நேரம்தான். புல் வெட்ட, ஊறவைக்க, நாலு வேளை வைக்க ஓர் ஆள் வேண்டும்.

டப்பாக்களை ஏன் வாங்கினார் என்று கேட்டால் காகா சற்று நேரம் பேசவில்லை. "பதினாறு வருடம் எங்களுக்குச் சோறு போட்டது. சும்மா நிற்கும்போது வெறும் தவிட்டை வைக்க மனசு வரவில்லை. விலை அதிகமாக இருந்தால் நல்லதாக இருக்கும் என்று நினைத்தேன்," என்கிறார். குதிரை மருந்துக் கடைகளில் வியாபாரம் பெரும்பாலும் இந்த மனசின் மேல்தான் நடக்கிறது.

பிப்ரவரியில் டேப் மறுபடி வந்தது. மார்புச் சுற்றளவு 149. எடை சுமார் 258 கிலோ. நான்கு மாதத்தில் 24 கிலோ. விலாக்கள் தடவினால் தெரிகின்றன, தள்ளி நின்றால் தெரியவில்லை. லத்தியில் நீளப் புல் இல்லை.

ஆனால் பல் திரும்ப முளைக்காது. கிளம்பும்போது மருத்துவரிடம் காகா மெதுவாகக் கேட்டார்: "இன்னும் எத்தனை நாள்?"

"நாள் சொல்ல மாட்டேன், காகா. கூழைக்கூட விழுங்க முடியாமல் போகும். அல்லது படுத்தால் எழ முடியாமல் போகும். தொட்டி நிறைந்திருந்தும் திரும்பிப் பார்க்காது. அன்றைக்கு எனக்குப் போன் பண்ணுங்கள். தரகருக்குப் பண்ணாதீர்கள். வலியில்லாமல் முடித்துவைப்பதும் என் வேலைதான். அதுவரை சாப்பிட வருகிறதல்லவா, போடுங்கள்."

காகா ஒன்றும் சொல்லவில்லை. மாடத்தில் இப்போது ஒரே ஒரு டப்பா. பக்கத்தில் தையல் டேப்பும், எடைகள் எழுதிய பள்ளிக்கூட நோட்டும். தரகர் இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

மாலையில் சவாரி முடிந்து இளம் குதிரைகளைக் கட்டிய மகன், அரிவாள்மணை முன்னால் உட்கார்ந்து புல்லை நறுக்குகிறான். பக்கத்து லாயத்துப் பையன் கேலி செய்கிறான், கிழவிக்குச் சாலட் போடுகிறாயா என்று. மகன் நிமிராமலே பதில் சொல்கிறான்: "ஒரு அங்குலத்துக்கு மேல் போனால் துப்பிவிடும்." இரும்பு வாளியின் சத்தம் கேட்டதும், இருட்டிய லாயத்துக்குள்ளிருந்து பிஜ்லி கனைக்கிறது.